அக்காவின் பெரிய எழுத்துகள்

மார்ச் 3

அடி வாலு,

போன் எடுக்காதவளுக்குக் கடிதம்தான் கதி. ஆபீஸ் மெயிலில் இதை எழுத முடியாது. அதை யார் யார் திறந்து பார்ப்பார்கள் என்று உனக்கே தெரியும். கைபேசியில் தட்டலாம் என்றால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. வீட்டுக் கணினியில் எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்கு வைத்து இதை அடிக்கிறேன். நீயும் பதிலை அதே அளவில் அச்செடுத்துத் தபாலில் போடு.

என் திரை போய்விட்டது.

உடையவில்லை. நேற்றுக் காலை ஆபீஸில் மேக் கணினியைப் போட்டு, வழக்கம்போல 'உள்வீட்டை'த் திறந்தேன். புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக் கட்டுகிற நம் மென்பொருள் புது மேக்கில் ஓடாது என்று நீதானே பழைய மேக் ஒன்றை ஒரு ஜன்னலுக்குள் குடிவைத்தாய். விர்ச்சுவல் மெஷின் என்று நீ சொன்னபோது எனக்கு வாயில் நுழையவில்லை. உள்வீடு என்று பெயர் வைத்தேன், அதுவே நிலைத்துவிட்டது. அந்த உள்வீட்டில்தான் எனக்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாய். வெளியே யார் எட்டிப் பார்த்துக் கேட்டாலும், "பழைய சிஸ்டம், கெஸ்ட் டூல்ஸும் பழசு, இப்படித்தான் பெரிசா, கொழகொழன்னு தெரியும்" என்று சொல்லிவிடுவேன். எல்லாரும் நம்பினார்கள். என் கண்ணைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

நேற்று அது அப்படித் திறக்கவில்லை. பளிங்கு மாதிரி, ஊசி முனை மாதிரி, எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக. மெனு எங்கே, பக்கம் எங்கே, ஒன்றும் பிடிபடவில்லை. ஜன்னலைப் பெரிதாக்கினால் எழுத்து இன்னும் சின்னதாகிறது! தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்றைக்கும் அதே தலைவலி.

செவிலியருக்கான குழந்தை மருத்துவக் கையேடு பாதியில் நிற்கிறது. பதிப்பாசிரியர் அம்மா ஏற்கெனவே நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார். நீ முன்பு செய்த மாதிரி அங்கிருந்தே உள்ளே புகுந்து பழையபடி ஆக்கிவிடு. இதை உன்னைத் தவிர நான் யாரிடம் கேட்பேன்? உன் அத்தானிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

கண்ணைப் பற்றிக் கவலைப்படாதே. புதுக் கண்ணாடி போதும் என்று டாக்டர் சொன்னதைத்தான் போன வருடமே உனக்குச் சொன்னேனே.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. போன் எடுக்காததற்கு மன்னித்துக்கொள். இங்கே தலைமை அலுவலகத்தில் வேலை கழுத்தைப் பிடிக்கிறது.

கெஸ்ட் டூல்ஸ் அப்டேட் ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த டூல்ஸ்தான் உள்ளே இருக்கிற மேக்குக்கும் வெளியே இருக்கிற மேக்குக்கும் நடுவில் தரகு வேலை பார்ப்பது. பழைய டூல்ஸுக்கு வெளியே உள்ள திரையின் அளவு சரியாகத் தெரியாது, அதனால் நாம் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. புதுசுக்கு எல்லாம் தெரியும். ஜன்னல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நுணுக்கமாகத் திரையை நிரப்பிவிடும்.

பழையபடி ஆக்க வழி இருக்கிறது. உள்வீட்டை முழுதாக அணைத்துவிடு. அதன் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போனால் ரெட்டினா முழு ரெசல்யூஷன் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ள டிக்கை எடுத்துவிடு. பிறகு உள்வீட்டைத் திறந்து, அங்கே சிஸ்டம் பிரிஃபரன்ஸஸில் டிஸ்ப்ளேஸ் என்பதற்குப் போ. ஸ்கேல்டு என்பதைச் சும்மா தட்டாதே, ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டே தட்டு. அப்போதுதான் ஒளிந்திருக்கும் அளவுகளும் வெளியே வரும். இருப்பதிலேயே சின்ன எண்ணைத் தேர்ந்தெடு. எண் சின்னதானால் எழுத்து பெரிதாகும்.

நானே செய்திருப்பேன். ஆனால் இங்கே மாறி வந்த பிறகு அந்த மெஷினுக்குள் வர எனக்கு அனுமதி இல்லை. பேசாமல் என் இடத்துக்கு வந்திருக்கிற கணினிக்காரரைக் கூப்பிடேன். நல்ல மனிதர். ஏன் பெரிய எழுத்து வேண்டும் என்று கேட்டால், சொல்லிவிட்டால்தான் என்ன அக்கா? கண் தெரியவில்லை என்பது திருட்டா?

இன்னொரு கண் டாக்டரையும் பாரேன். சும்மாதான் சொல்கிறேன்.

வாலு


மார்ச் 14

வாலு என்று உன்னை இனி எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. உனக்கு,

உன் செய்முறையை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை ஆபீஸ் போனேன். கட்டத்தில் உள்ள டிக்கை எடு என்று எழுதியிருந்தாயே, அந்த டிக்கைப் பார்க்கிற கண் இருந்தால் உனக்கு ஏன் கடிதம் போடுகிறேன்? மூக்கு திரையில் இடிக்க, ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கோழி தானியம் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். எனக்கு நடுவில்தான் புகைமூட்டம். ஓரமாகப் பார்த்தால் கொஞ்சம் தெரியும்.

பின்னால் யாரோ, "என்னக்கா, திரைக்கு முத்தம் கொடுக்கறீங்களா?" என்றார்கள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால் பதிப்பாசிரியர் அம்மா நிற்கிறார். அவர் சிரிக்கவில்லை.

அவர்தான் கணினிக்காரரைக் கூப்பிட்டார். நீ சொன்னது சரி, நல்ல மனிதர். மெதுவாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

"கெஸ்ட் டூல்ஸ் புதுசா போட்டிருக்காங்களே" என்றார்.

"தானா அப்டேட் ஆயிடுச்சு" என்றேன்.

"இது தானா ஆகாதும்மா. வெளியே மெனுவில போய் அப்டேட் கொடுக்கணும். உள்ளே ஒரு டிஸ்க் வந்து உட்காரும். அதைத் திறந்து இன்ஸ்டால் பண்ணணும், பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் செக்யூரிட்டியில போய் அலவ் கொடுக்கணும். இவ்வளவும் ஒரு ஆள் உட்கார்ந்து செய்யற வேலை."

"அப்போ யார் செஞ்சது?"

அவர் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணாந் தேதி ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சி உள்ளே வந்திருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா? அவங்க வராத நாள்தானே கம்மி."

அனுமதி இல்லை என்று எனக்குப் பெரிய பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பியவள் நீ. பொய்யைக்கூடப் பூசணிக்காய் அளவில் அனுப்பியிருக்கிறாய். அந்தப் பாஸ்வேர்டு நம் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மறக்கக் கூடாது என்று உன் பட்டப்பெயரைத்தான் வைத்தேன். என் வீட்டுக் கதவை உன் பெயரைச் சொல்லித் திறந்து, என் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

பிறகு நடந்ததையும் கேள். பதிப்பாசிரியர் அம்மா என்னை அவர் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கையேட்டின் ஒரு பக்கத்தை நீட்டி, "இதை வாசிங்க" என்றார். நான் கட்டிய பக்கம்தான். தலைப்பை வாசித்தேன். அதற்குக் கீழே மனப்பாடமாக இருந்ததைச் சொன்னேன். "அந்தப் பக்கம் இல்லம்மா இது" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தோளைத் தொட்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். ஓய்வாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தினமும் வந்து என்ன பார்த்தாய்? அக்கா எங்கே தடுமாறுகிறாள் என்று வேவு பார்த்தாயா? உன்னை அந்த வேலையில் சேர்த்துவிட, "என் தங்கச்சி, என்னைவிடக் கெட்டிக்காரி" என்று அந்த அம்மாவின் அறை வாசலில் நின்று சொன்னவள் நான். கெட்டிக்காரிதான். ஒத்துக்கொள்கிறேன்.

பதில் போடாதே.


ஏப்ரல் 9

அத்தான்,

போன மாதம் அக்காவுக்குப் போட்ட கடிதம் பிரிக்காமலே எனக்குத் திரும்பி வந்துவிட்டது. அதனால் இதை உங்கள் பெயருக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எழுந்து போனால் பின்னாலேயே போய் வாசியுங்கள்.

அக்கா,

ஆமாம். நான்தான். அப்டேட் கொடுத்ததும் நான், பாஸ்வேர்டு போட்டதும் நான், உன் திரை மாறும் என்று தெரிந்தே செய்தவளும் நான். அனுமதி இல்லை என்றது பொய்.

ஆனால் வேவு பார்க்க வரவில்லை.

போன வருடம் ஒருநாள் உள்வீட்டில் ஏதோ கோளாறு என்று நீ கூப்பிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? சரிசெய்துவிட்டு, உன் பக்கம் திறந்திருந்ததே என்று சும்மா பார்த்தேன். அட்டவணையில் ஒரு மருந்தின் அளவு அரை மில்லி என்று இருக்க வேண்டும். ஐந்து மில்லி என்று இருந்தது. நீ மறுபடி அடிக்கும்போது 0.5-இன் நடுவில் உள்ள புள்ளி விழுந்துவிட்டது. மூலப்பிரதியைப் பார்த்து அந்தப் புள்ளியை வைத்தேன். உன்னிடம் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் நீயே கூப்பிட்டு, "இன்னிக்கு பதிப்பாசிரியர் அம்மா என்னைப் புகழ்ந்தாங்கடி, இந்த வயசிலயும் பிழையே இல்லாமப் பக்கம் கட்டறேனாம்" என்றாய். அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாளும் பார்த்தேன். அன்றைய பக்கத்திலும் ஒரு பிழை இருந்தது. அதற்குப் பிறகு காலையில் நீ ஆபீஸ் வருவதற்கு முன் உள்ளே வந்து, முந்தின நாள் பக்கங்களை மூலத்தோடு வைத்துப் பார்த்துத் திருத்திவிட்டுப் போவது என் வழக்கமாகிவிட்டது. காபி குடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆரம்பத்தில் பக்கத்துக்கு ஒன்று. போகப்போக ஒன்பது, பத்து. கண்ணாடி மாற்றினால் போதும் என்று டாக்டர் சொன்னதாக நீ சொன்னபோது, கண்ணாடி வந்தால் குறையும் என்று காத்திருந்தேன். கூடியது.

பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சில நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. எழுந்து பார்த்தால் அந்த நாட்களின் பக்கங்கள் அவசரத்தில் யாரும் சரிபார்க்காமலே அச்சகத்துக்குப் போய்விட்டன. அதில் வலிப்பு மருந்தின் பக்கமும் இருந்தது. நானே அச்சகத்துக்குப் போன் போட்டு, ஆபீஸில் இருந்து பேசுகிறேன் என்று சொல்லி நிறுத்தினேன். "இயந்திரத்தில ஏத்தப் போறோம்மா, நல்ல வேளை" என்றார் அச்சகத்துக்காரர். பச்சைக் குழந்தைகள் அக்கா. புத்தகத்தைப் பார்த்துத்தானே செவிலியர் ஊசியில் மருந்தை ஏற்றுவார்.

அப்போதும் உன்னிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ என் மேல் கோபித்துக்கொண்டால் எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்று பயம். எனக்கு மெஷின்களோடுதான் பேசத் தெரியும். திரை மாறினால் உன்னால் இனி மறைக்க முடியாது, முதலில் என்னைத்தான் கூப்பிடுவாய், அப்போது சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நீ கூப்பிட்டாய். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை.

கூடத்தில் வைத்து உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

அத்தான், வாசித்ததற்கு நன்றி.

வாலு


மே

வாலு,

கையால் எழுதுகிறேன். வீட்டுக் கணினியில் அடித்தால் அது அடிக்கோடு போட்டுப் பிழை சொல்லித் தொலைக்கும். இன்றைக்கு எனக்கு அது வேண்டாம். தடித்த பேனாதான். வரி மேல் வரி ஏறினால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை உன் அத்தான் சமையலறையில் நின்றுகொண்டு வாசித்தார். நான் எழுந்து போகவில்லை. அந்தப் புள்ளி விழுந்த இடம் வந்ததும் அவர் குரல் நின்றுவிட்டது. "ஏம்மா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "முழுசா வாசிங்க" என்றேன். முடித்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்து, "டாக்டர் உண்மையிலே என்ன சொன்னார்?" என்று கேட்டார். முப்பது வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவர் இல்லையா.

அவருக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்.

கண்ணாடி போதும் என்று டாக்டர் சொல்லவே இல்லை. விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறது, மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், தள்ளிப்போட்டால் போன பார்வை திரும்பி வராது என்றார். கண்ணுக்குள் ஊசி என்றதும் எனக்குப் பயம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் பிழை வரட்டும், அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று. பக்கம் கட்டியே வாழ்ந்தவள் நான். கண் போய்விட்டதா இல்லையா என்று என் பக்கங்கள் எனக்குச் சொல்லிவிடும் என்று நம்பினேன். ஒவ்வொரு முறையும் சரிபார்த்த தாள்கள் மேசைக்குத் திரும்பி வரும்போது எத்தனை பிழை என்று கேட்பேன். "ஒண்ணுமே இல்லைம்மா, சுத்தமா இருக்கு" என்பார்கள். அப்பாடா என்று இருக்கும். டாக்டர் ஊசிக்காரர், அவருக்கு ஊசி போடத்தானே தெரியும் என்று சொல்லிக்கொள்வேன். அம்மா புகழ்ந்தார் என்று உனக்குப் போன் செய்தேனே, அன்றைக்கு மறுநாள் எனக்கு ஆஸ்பத்திரியில் நேரம் குறித்திருந்தார்கள். போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? பிழையே இல்லையே.

நீ திரையை மாற்றினாய், பொய் சொன்னாய், கூடத்தில் என் மானம் சிரிப்பாய்ச் சிரித்தது. அதையெல்லாம் ஒரு நாள் மறந்துவிடுவேன். இதை எப்படி மறப்பேன்? என் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. நீ தினமும் விடியற்காலையில் வந்து அந்தச் சாட்சியின் வாயைப் பொத்திவிட்டுப் போயிருக்கிறாய். அன்போடு. அதுதான் எனக்கு ஆறவில்லை. பகையாளி செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

குழந்தைகள் என்கிறாய். சரி. திருத்தியது தப்பே இல்லை, நானாக இருந்தாலும் திருத்தியிருப்பேன். திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டாயே.

என் பேரிலும் பிசகு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பொய்யை முதலில் சொன்னவள் நான். ஆனால் நான் ஏமாற்றியது என்னை. நீ அந்த ஏமாற்றுக்கு முட்டுக் கொடுத்தாய்.

இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். நினைத்த அளவுக்கு வலி இல்லை, அதற்கும் சேர்த்துத்தான் அழுகை வந்தது. வலது கண்ணின் நடுப்பார்வை போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணை இப்போதிருக்கிற அளவில் நிறுத்திவைக்கலாம், படிப்படியாகக் கொஞ்சம் தெளியவும் தெளியலாம் என்கிறார்கள். பதிப்பாசிரியர் அம்மா வீட்டுக்கே வந்தார். "பெரிய திரை போட்டுத் தர்றோம், எண்களை மட்டும் வேற ஆள் பார்க்கட்டும், பக்கம் நீங்க கட்டுங்க" என்றார். யோசிக்கிறேன் என்றேன். இந்த முறை உண்மையாகவே யோசிக்கிறேன்.

உள்வீட்டின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டேன். புதுசு எனக்கும் கணினிக்காரருக்கும் மட்டும் தெரியும்.

உன்னை மன்னிக்க முடி................ என்று உன் அத்தானிடமும் சொன்னேன்.

இந்தக் கடிதத்தில் பிழை இருக்கும். மறுபடி வாசித்துப் பார்க்க என்னால் முடியாது. பார்த்தால் நீயாகச் சரிசெய்து படித்துக்கொள்ளாதே. என்னிடம் சொல்.

அக்கா


மே 27

அன்புள்ள அக்கா,

நீ சொன்ன கண்ணாடிக் கதையை நம்பியதில் என் சௌகரியமும் இருந்தது. நம்பினால் நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை அல்லவா? இதற்கு மேல் என் தரப்பில் சொல்ல ஒன்றும் இல்லை. உன் வலது கண்ணை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிழை சொல்லச் சொன்னாய். சொல்கிறேன்.

தேதியில் மாதம் மட்டும் இருக்கிறது, நாள் விட்டுப்போயிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில், பாஸ்வேர்டுக்குக் கீழே, ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிவிட்டது. 'உன்னை மன்னிக்க முடி' வரைக்கும் தெரிகிறது. அதற்கு மேல் மை மேல் மை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முடியும் என்றும் வாசிக்கலாம், முடியவில்லை என்றும் வாசிக்கலாம். எனக்கு எது வேண்டுமோ அதை வைத்துப் படித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிடம் ஆசை வந்தது, மறைக்கவில்லை. அத்தானிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். கேட்கவில்லை.

எதுவாக இருந்தாலும் அந்தச் சொல்லை மறுபடி எழுதி அனுப்பு.

வாலு